மூக்கு என்ன புள்ளயா பெத்துச்சு?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை பார்த்தார். அவர் கையை அசைத்தால் ஒரு கூட்ஸ் வண்டியே பாதை மாறிப் போகும். வீட்டில் அவர் சொல்லி ஒரு பூனைகூட நகர்ந்ததில்லை. அங்கே எல்லாம் என் மாமியார் ராஜ்ஜியம்தான்.

என் உடம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. சின்ன வயதிலிருந்தே எனக்கு ரத்தம் வந்தால் சட்டென்று நிற்காது. பல் விழுந்தால் தலையணை நனையும். வெயிலில் கொஞ்சம் நின்றால் மூக்கில் ஒழுகும். பெரியவள் ஆன பிறகு மாதத்தில் பாதி நாள் ஓரமாக உட்கார்ந்தே போகும். காது குத்தியபோது ஆசாரி போன பிறகும் நாள் கணக்கில் ரத்தம் கசிந்ததால், மூக்குக் குத்துகிற பேச்சையே அப்பா எடுக்கவில்லை.

அப்பாவுக்குக் கிள்ளான் பக்கம், மேருவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை. நான் சிறுமியாக இருந்தபோதே, தம்பி பிறந்த சில நாட்களில் அம்மா போய்விட்டாள். ஜன்னி கண்டுவிட்டது என்று சொன்னார்கள். அம்மாவுக்கும் என்னைப் போலவே மூக்கில் ஒழுகும் என்பது எனக்கு நன்றாக நினைவு இருந்தது. ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கிற வயதா அது?

பெண் பார்க்க வந்த இடத்தில் அப்பா எதையும் மறைக்கவில்லை. இவளுக்கு ரத்தம் நிற்காது, அதனால்தான் மூக்கு மொட்டையாக இருக்கிறது என்று பட்டென்று சொல்லிவிட்டார். சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் மாமியார் மட்டும், "மூக்கா வந்து எனக்குச் சோறாக்கப் போவுது?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டார். எதைக் கேட்டாலும் அப்படித்தான் கேட்பார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, கொஞ்சம் பயமும் வந்தது.

ஆனால் எதிர் வீட்டு அக்காவுக்கு என் மூக்கு பெரிய பிரச்சினை. அவர் வீட்டுக்காரர் ரயிலில் கார்டு, அதனால் அந்த வரிசைக்கே தான்தான் கார்டு என்ற நினைப்பு அக்காவுக்கு. குழாயடியில் நான் குடத்தோடு நின்றால் போதும், தோட்டத்தில் ஒரு மூக்குத்திக்குக்கூட வக்கில்லையா என்று யாரிடமோ சொல்வதுபோல் என் காதில் விழச் சொல்வார். நான் பதில் சொல்லமாட்டேன். குடத்தை மட்டும் கொஞ்சம் இடித்து வைப்பேன்.

கல்யாணம் ஆகி இரண்டாம் வருஷம் உண்டானேன். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மூன்று நான்கு மாதம் ஆனதும் மூக்கில் ஒழுகுவது அடியோடு நின்றுவிட்டது. பல் விளக்கினால் வருகிற ரத்தம்கூட இல்லை. தாயில்லாத பெண்ணுக்குத் தாய் வீடு ஏது, தலைப்பிரசவம் இங்கேயே ஆகட்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். ஏழாம் மாதம் வளைகாப்பும் அவரே போட்டார். கண்ணாடி வளையல் ஒன்று கையில் ஏறும்போது உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது. நான் பதறிப்போய்த் துணியைத் தேடினேன். துணி வருவதற்குள் ரத்தம் நின்று காய்ந்துவிட்டது. பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், வயிற்றில் இருக்கிற பிள்ளை வைத்தியம் பண்ணிவிட்டது என்றார்கள். நானும் அதை நம்பினேன். அந்த மாதங்களில் நான் இருந்ததுபோல் சந்தோஷமாக அதற்கு முன்னால் இருந்ததில்லை.

இருந்தாலும் அடிமனதில் ஒரு பயம் இருந்துகொண்டேதான் இருந்தது. சாவுக்குப் பயந்தேன் என்று சொல்லமுடியாது. என் பிள்ளையும் என்னைப்போலத் தாயில்லாமல், யார் யார் கையையோ பார்த்து வளர வேண்டி வருமோ என்றுதான் பயந்தேன்.

பிரசவம் சுகமாக ஆனது. முறையாகப் படித்த மருத்துவச்சி ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்தார். காலையில் வலி எடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ரத்தமும் அளவாகத்தான் போனது. மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டே, உன்னைப் பற்றி என்னென்னவோ சொல்லிப் பயமுறுத்திவிட்டார்களே என்று சிரித்தார். மாமியார் வரிசை முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். எதிர் வீட்டு அக்காவும் வாங்கித் தின்றார்.

பிறகு பின்கட்டு அறையில் என்னைப் படுக்க வைத்தார்கள். எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பதினாறாம் நாள் தலைக்கு ஊற்றி, வீடு கழுவி, குழந்தைக்குப் பேர் வைத்துத் தீட்டுக் கழிக்கும்வரை பிள்ளை பெற்றவள் வாசற்படி தாண்டக்கூடாது. அதுவரைக்கும் சரக்கு. சுக்கு, மிளகு, திப்பிலி என்று ஒரு கடையையே அரைத்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறித் தினமும் உருண்டை உருண்டையாகக் கொடுப்பார்கள். மாமியார் பாசாருக்குப் போய் விரால் மீன் வாங்கிவந்து பூண்டுக் குழம்பும் வைப்பார். பிள்ளை பெற்றவள் வயிற்றில் இருக்கிற அழுக்கு ரத்தத்தை எல்லாம் அந்தச் சரக்குதான் அடித்து வெளியேற்றும் என்பது எல்லாருடைய நம்பிக்கை. எவ்வளவு போகிறதோ அவ்வளவு நல்லது. உள்ளேயே தங்கிவிட்டால்தான் ஆபத்து என்பார்கள்.

முதல் வாரம் போனதும் ரத்தம் குறைந்து, நிறம் மாறி, நின்றுவிடும் போல இருந்தது. இரண்டாம் வாரத்தில் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை பச்சை ரத்தம், நல்ல சிவப்பு. மாமியாரிடம் சொன்னேன். அவருக்கு ஏக திருப்தி. சரக்கு வேலை செய்கிறது என்று உருண்டையை இன்னும் பெரிதாகப் பிடித்தார். எதிர் வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "நல்லா வெளியாகட்டும், நல்லா வெளியாகட்டும்" என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார்.

அதே வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். தோட்டத்து வீட்டில் அம்மா படுத்திருந்த அறைவாசலில் நான் நின்றபோது, உள்ளே போய்வந்த பெண்கள் எல்லாரும் அதையேதான் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். நல்லா வெளியாகுது, நல்லா வெளியாகுது. அதற்கப்புறம்தான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

யாரிடம் சொல்வது? கதவுக்கு வெளியே நின்று குழந்தையைப் பார்க்க வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். தன் அம்மாவிடம் சொல்லச் சொன்னார். அம்மாவிடம் சொன்னதைத்தான் அவரிடம் சொன்னேன் என்பது அவருக்குப் புரியவில்லை. எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றியது. பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அத்தனை பேர் அனுபவத்தோடு சொல்லும்போது, நேற்றுப் பிள்ளை பெற்றவள் எதிர்த்து என்ன பேசமுடியும்? நானும் அவர்கள் சொல்வதே உண்மையாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

தீட்டுக் கழிக்கிற நாள் வந்தது. காலையிலேயே வீடு நிறைந்துவிட்டது. மேருவிலிருந்து அப்பா வந்திருந்தார். கோயிலிலிருந்து அண்டாவும் குண்டாவும் ஏற்றிக்கொண்டு ஒரு லோரி வாசலில் நின்றது. பின்பக்கம் அடுப்பு மூட்டிச் சமையல் நடந்தது. மாமியார் கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு, எனக்குத் தலைக்கு ஊற்ற உள்ளே வந்தார். எதிர் வீட்டு அக்கா வெந்நீரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

நான் எழுந்து உட்கார்ந்து தலையைக் குனிந்தேன். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. இத்தனை மாதம் எட்டிப்பார்க்காத ரத்தம், மாமியார் நீட்டிய கையிலேயே விழுந்தது.

அவர் தன் கையைப் பார்த்தார். என் மூக்கைப் பார்த்தார். பிறகு நான் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தார். அக்கா, சூடு தலைக்கு ஏறியிருக்கும், வெந்நீர் ஊற்றினால் அடங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே குவளையை எடுத்தார். மாமியார் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருடி. புள்ள பெத்த வயித்துல அழுக்கு இருக்கும், அது வெளியாகுதுன்னு சொன்னோம். சரி. மூக்கு என்ன புள்ளயா பெத்துச்சு? அதுல ஏன் வருது?"

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் நல்லா வெளியாகுதுன்னு சொன்னாங்க, அத்தை" என்றேன்.

மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்து, குழந்தையை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையை என் கக்கத்தில் கொடுத்து என்னை எழுப்பினார். நாங்கள் முன்கட்டுக்கு வந்ததும் கூடத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். தீட்டுக் கழியாமல் வாசற்படி தாண்டுவதா, குலத்துக்கு ஆகாதே, பச்சை உடம்பில் காற்றுப் படுமே என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பூசாரியும் சொம்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"தீட்டு இங்கயே இருக்கட்டும். அவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரட்டும்" என்றார் மாமியார்.

லோரியில் இருந்த மிச்ச அண்டாக்களை இறக்கச் சொன்னார். மகன் திகைத்து நிற்பதைப் பார்த்து, ரயிலைத்தான் திருப்பத் தெரியுமா, இதைத் திருப்பத் தெரியாதா என்று ஓர் அதட்டுப் போட்டார். அவர் ஓடிப்போய் டிரைவரை எழுப்பினார். அண்டாக்கள் கிடந்த இடத்தில் பாயைப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். மாமியார் பட்டுச் சேலையோடு லோரியின் பின்னால் ஏறி என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சேலை அன்றோடு போனது. இத்தனை நாள் இருட்டறையில் கிடந்தவளுக்கு வானம் தெரிந்தது. உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, ஏனென்றால் என் பயத்தை இப்போது இன்னொருத்தியும் சுமந்துகொண்டு வந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் பார்த்தார். மலையாளத்து நர்ஸ் ஒருத்தி அவர் கேட்டதை எங்களுக்குத் தமிழில் சொன்னாள். டாக்டர் என் காதுமடலில் ஊசியால் சின்னதாக ஒரு குத்துக் குத்தினார். வருகிற ரத்தத்தை மை ஒற்றுகிற தாளால் ஒற்றி ஒற்றி எடுத்தார். சாதாரண ஆளுக்கு அந்தத் தாளில் சில பொட்டு விழுவதற்குள் நின்றுவிடுமாம். எனக்குத் தாள் நிறைந்து இன்னொரு தாள் எடுத்தார்கள். மாமியார் பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்தார். கடைசியில் டாக்டர் சொன்னது இதுதான். இது கழிவு ரத்தம் இல்லை, இவள் உயிர் ரத்தம். வேறு ஒருவருடைய ரத்தத்தை ஏற்றினால்தான் பிழைப்பாள், அதுவும் ஒத்துப்போகிற ரத்தமாக இருக்கவேண்டும்.

முதலில் என் வீட்டுக்காரர் விரலை நீட்டினார். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார். அவருக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பிப் பார்த்தால், அவர் ரத்தம் ஒத்துவரவில்லை. மாமியாருடையதும் ஒத்துவரவில்லை. என் ரத்தத்துக்கு என்ன குறைச்சல் என்று அவர் நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டார். அப்பாவுடையதும் சரிப்படவில்லை. உடனே மாமியார் லோரியைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பினார், விருந்துக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு வரச் சொல்லி.

வந்தார்கள். சந்தனமும் குங்குமமும் வைத்து, மல்லுவேட்டியும் பட்டுச் சேலையுமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். விஷயம் தெரிந்ததும் சில ஆண்கள் சுருட்டுப் பிடித்துவிட்டு வருவதாகப் போனார்கள், அப்புறம் காணோம். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ரத்தம் கொடுத்தால் உடம்பு விட்டுப்போகும், பாரம் தூக்க முடியாது என்று அப்போது எல்லாரும் பயந்தார்கள், உடம்பை நம்பிப் பிழைக்கிறவர்கள்தானே.

ஒத்துப்போனது எதிர் வீட்டு அக்காவுடையது.

அக்கா வேடிக்கை பார்க்கத்தான் லோரியில் ஏறினாராம், பிற்காலத்தில் அவரே சொன்னது. நர்ஸ் வந்து உங்களுடையது பொருந்துகிறது என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். பிறகு வளையலைக் கழற்றி மாமியாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தார். அவர் கையிலிருந்து ஒரு போத்தலில் எடுத்து, அதை எனக்கு ஏற்றினார்கள். அந்த வார்டில் நாங்கள் இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"அழாத புள்ள. எரியுதா? எரிஞ்சாலும் எரியும். என் ரத்தம் கொஞ்சம் காரம்."

அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் குழாயடியில் நாங்கள் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம், ஆனால் மூக்குத்திப் பேச்சு மட்டும் வந்ததே இல்லை.

சாயங்காலத்துக்குள் ரத்தப்போக்கு குறைந்தது. மறுநாள் இன்னொருவரிடம் எடுத்து ஏற்றினார்கள், அதோடு அடங்கியது. அதற்கிடையில் சமைத்த விருந்து வீட்டில் ஆறிக்கொண்டிருந்தது. வந்த சனம் பட்டினியாகப் போகக்கூடாது என்று மாமியார் அதையும் லோரியில் ஏற்றி வரச் செய்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் இலை போட்டுச் சாம்பாரும் பாயசமும் பரிமாறினார்கள். அக்காவுக்கு மட்டும் இரண்டு பங்கு பாயசம். வராந்தாவில் நின்றபடியே மாமியார் என் மகளின் காதில் அவள் பேரை மூன்று தடவை சொன்னார். மந்திரம் இல்லை, பூசாரி இல்லை. தீட்டு என்ன ஆயிற்று என்று ஒரு கிழவர் கேட்டாராம், ஆஸ்பத்திரித் தரையை ரெண்டு வேளை கழுவுறாங்க, உன் வீட்டைக் கழுவுறியா என்று மாமியார் திருப்பிக் கேட்டாராம்.

எல்லாரும் போன பிறகு அப்பா வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"தோட்டத்துலயும் மாட்டுவண்டி இருந்துச்சும்மா. கிள்ளான்ல ஆஸ்பத்திரியும் இருந்துச்சு. ரத்தம் ஏன் நிக்கலன்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல" என்றார்.

அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அம்மாவைக் கொண்டுபோனது ஜன்னி இல்லை என்று அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த பிரசவத்தை மாமியார் வீட்டில் வைக்க விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பெற்று, நாங்களாகப் போதும் என்று சொல்லும்வரை அங்கேயே இருந்தேன். யார் ரத்தம் ஒத்துப்போகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அக்கா அந்த மாதம் முழுக்க ஊருக்குப் போகாமல் இருந்தார். சரக்கு உருண்டைக்கு வீட்டில் தடை போட்டாயிற்று, விரால் மீன் மட்டும் தவறாமல் வந்தது. அந்தப் பையன் எந்த வம்பும் இல்லாமல் பிறந்தான்.

மாமியாரிடம் அதன்பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. எங்கள் வரிசையில் எந்த வீட்டில் பிரசவம் ஆனாலும், எல்லாரும் குழந்தையைப் பார்த்துவிட்டுக் கற்கண்டோடு திரும்பிய பிறகு, இரண்டு வாரம் கழித்து இவர் போவார். குழந்தையைக் கொஞ்சமாட்டார். நேரே தாயிடம் போய், துணி மாற்றினியா, எத்தனை, என்ன நிறம் என்று விசாரிப்பார். கிழவிக்கு வெட்கம் மானம் இல்லை என்று இளம் பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கேட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள் உண்டு. அவர்களில் யாருக்கும் என் வியாதி கிடையாது, வேறு வேறு காரணங்கள்தான்.

அந்த அதிசயத்துக்கு என்ன காரணம் என்று ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. என் மகளுக்கும் என் உடம்புதான், அவளுக்கும் மூக்கில் ஒழுகும். அவள் உண்டாகியிருந்தபோது ஒரு டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். ரத்தத்தை உறைய வைக்கிற சத்து சில பேருக்குப் பிறவியிலேயே குறைவாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அது தன்னால் கூடுமாம், பிறந்து சில நாள் ஆனதும் பழையபடி இறங்கிவிடுமாம். அதனால் பிரசவத்தன்று ஒன்றும் தெரியாது, எல்லாரும் தைரியமாக இருக்கிற இரண்டாம் மூன்றாம் வாரத்தில்தான் கவனம் வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டே இருந்த எனக்குச் சிரிப்பு வந்தது, எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியார் அதே வாரத்தில்தானே வீடு வீடாகப் போய் நிற்பார்.

மாமியார் இப்போது இல்லை. என் மகளுக்குப் பிரசவம் ஆனபோது, வந்தவர்கள் எல்லாம் போகும்வரை பொறுத்திருந்து, இரண்டாம் வாரம் அவள் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கம்மா காவல் என்று அவள் கேலி செய்தாள். எல்லாம் முடிந்தது என்று ஊரே நிம்மதியாக இருக்கும்போது, ஏன் என்று கேட்க ஒருத்தி பக்கத்தில் இருக்கவேண்டும். என் அம்மாவுக்கு அப்படி ஒருத்தி வாய்க்கவில்லை, எனக்கு வாய்த்தாள், அதனால்தான் என் மகளுக்கு நான் இருக்கிறேன்.